பின்சீட்டு அவங்க

முதல் உதையிலேயே மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆனது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகும்போது அதை வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குள் தள்ளி, தார்ப்பாயால் மூடி, கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் போனேன். அப்போது என் மகள் ஆறாம் வகுப்பு. நான் திரும்பி வந்தபோது ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். நடுவில் ஒரு தடவை லீவில் வர இருந்ததையும் கொரோனா வந்து கெடுத்துவிட்டது. அத்தனை வருசம் சும்மா நின்ற வண்டி எப்படி இருக்க வேண்டும்? எங்கள் மலையில் ஒரு மழைக்காலம் போதும், அலுமாரிக்குள் வைத்த செருப்பிலும் பூஞ்சணம் பூத்துவிடும். நான் கட்டி வைத்த வண்டியோ சீட்டில் ஒரு புள்ளி பூஞ்சணம் இல்லாமல், செயினில் புது எண்ணெயோடு நின்றது.

“சும்மாதான் நின்னுச்சு” என்றார் என் கணவர். அவர் தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் சொன்னால் ஸ்டோரில், வேலை செய்கிறவர். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார். அதிலும் பாதியைத்தான் சொல்வார்.

“சும்மா நின்ன வண்டி ஒரே ஒதையில ஸ்டார்ட் ஆகுமா?”

“நல்ல வண்டி” என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு உள்ளே போய்விட்டார்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். யாராவது என்னைப் பார்த்து ரொம்ப அன்பாகச் சிரித்தால், எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிற ஆள் நான். குவைத்தில் அது இன்னும் முற்றிவிட்டது. அந்த வீட்டு மேடம் நான் குளித்துவிட்டு வந்தால் குளியலறையைப் போய்ப் பார்ப்பார், குப்பை கொட்டப் போனால் பையைப் பிரித்துப் பார்ப்பார். வருசக் கணக்காக ஒருத்தர் நம்மைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்த வித்தை நமக்கும் தொற்றிக்கொள்கிறது.

அன்று சாயந்தரமே மகள் ஒத்துக்கொண்டாள். “நான்தாம்மா எடுத்துக்கிட்டுப் போறது. இங்கிலீஷ் கிளாசுக்குப் போக வேணும்தானே. லைசன்கூட எடுத்துட்டேன்.” எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். ஒரு காலத்தில் நோர்வூட் பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஒரே பொம்பளை நான். ஒரு தொண்டு நிறுவனத்தில் தோட்டம் தோட்டமாகப் போய் முன்பள்ளிகளைப் பார்க்கும் வேலை, அதற்காகப் பழகிய வண்டி. அந்தத் திட்டம் முடிந்து வேலை போனது, வண்டி மட்டும் என்னிடம் தங்கியது. மகளும் அதே வண்டியை ஓட்டுகிறாள் என்றால் எந்தத் தாய்க்குத்தான் கசக்கும்.

கசந்தது வேறு. கொட்டகை ஆணியில் இரண்டு ஹெல்மட் தொங்கின. ஒன்று என்னுடைய பழையது, இப்போது மகள் போடுவது. மற்றது புதியது, கறுப்பு, பெரியது. ஒரு ஆம்பிளைத் தலை தாராளமாக நுழையும். எடுத்து முகர்ந்து பார்த்தேன். தேங்காயெண்ணெய் வாசம். வண்டியின் பின்சீட்டு முன்சீட்டைவிட மினுமினுப்பாக இருந்தது. இடப்பக்கக் கண்ணாடி பாதையைப் பார்க்காமல் உள்பக்கமாகத் திருப்பியிருந்தது. ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் கண்ணாடியில் பின்னால் வருகிற வாகனம் ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் இருக்கிற ஆளின் முகம்தான் தெரியும்.

காதலிக்கிற பையன்கள் கண்ணாடியை அப்படித் திருப்பி வைப்பார்கள். என் மகளும் திருப்பி வைத்திருக்கிறாள். நான் அதைத் தொடவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு நோர்வூட் டவுனுக்கு இறங்கினேன். கால் மறக்கவில்லை, கியர் தானாக விழுந்தது. கைதான் மறந்துவிட்டது. குவைத்தில் நான் பாதையைப் பார்த்ததெல்லாம் காரின் பின்சீட்டில், ஏற்றி மூடிய கண்ணாடிக்குள் இருந்துதான். கோடு போட்ட மாதிரி நேரான பாதை, யாரும் ஹோன் அடிப்பதில்லை. இங்கே வளைவுக்கு வளைவு ஹோன் அடிக்க வேண்டும், அடிக்காமல் திரும்புகிறவன் ஒன்று வெளியூர்க்காரன், இல்லை குடிகாரன். நான் அடிக்காமல் கோயில் வளைவில் திரும்பினேன். எதிரே வந்த ஆட்டோ என் முழங்காலை உரசாத குறையாக நின்றது.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டித் திட்ட வாயெடுத்தார். வண்டியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. “அட, தங்கச்சியோட வண்டி. அக்கா எப்ப வந்தீங்க? எங்க, இன்னைக்கி அவங்க வரலியா?”

“எவங்க?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த சாமி படத்தைப் பார்த்தார். “ஒண்ணுமில்லக்கா” என்று கியரைப் போட்டார்.

அவங்க. இந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். மரியாதை கொடுப்பது நல்லதுதான், ஆனால் எங்கள் மரியாதை ஒரு கம்பளியைப் போல ஆளை மொத்தமாக மூடிவிடுகிறது. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா, வயசானவரா இளந்தாரியா, ஒன்றும் தெரியாது. என் கணவரை நான் வெளியாட்களிடம் சொல்வதும் அவங்க என்றுதான். எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், கல்யாணமான பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சொல்தான் இப்போது என் மகளோடு சேர்ந்து வந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் குத்த ஆரம்பித்தது. தண்ணீர் பிடிக்கிற பைப்படிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். எங்கள் காம்பராவுக்கு அடுத்த வீட்டு அக்கா, நான் குவைத்துக்குப் போகும்போது கட்டிப்பிடித்து அழுதவர், இப்போது என்னைக் கண்டால் உடுப்புக் காயப்போடப் போய்விடுவார். மழையிலும் உடுப்புக் காயப்போட்டார். லயமே ஒன்று சேர்ந்து எதையோ சாக்குப் போட்டு மூடி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஒருநாள் மகள் வீட்டுக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அரிசி களைகிற சத்தத்தை நிறுத்தினேன்.

“வராதீங்க... இல்ல, இங்க வராதீங்க. அம்மா இருக்காங்க... நான் எப்படியாவது பாத்துக்கிறேன்... சாப்பிட்டீங்களா? பொய் சொல்லாதீங்க. என்னா சாப்பிட்டீங்க?”

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். குவைத்திலிருந்து ஒவ்வொரு நாளும் நான் போன் எடுத்து முதலில் கேட்டது ‘சாப்பிட்டியா’ என்றுதான். அவள் ‘ம்’ என்பாள். அவள் ஒருநாளும் என்னை அப்படிக் கேட்டதில்லை, அதிலும் பொய் சொல்லாதீங்க என்று அதட்டிக் கேட்டதேயில்லை. அதட்டுவதற்கு ஒரு உரிமை வேண்டும். எவனோ ஒருத்தன் அந்த உரிமையை வாங்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். களைந்த அரிசியை மறுபடியும் களைந்தேன்.

அன்று கணவரைப் பிடித்துக்கொண்டேன். “புள்ள யாரை ஏத்திக்கிட்டுத் திரியுது?”

“அப்படி ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்கு ஒரு ஹெல்மட்?”

“போலீஸ் புடிக்கும்ல” என்றார். அவ்வளவுதான். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். என் மகளை யாரோ கொண்டுபோகப் போகிறார்கள், இந்த மனிதர் போலீசுக்குப் பயப்படுகிறார். அவளைப் பக்கத்தில் வைத்து நாலு வருசமாவது பார்க்க வேண்டும் என்றுதான் நான் திரும்பி வந்ததே. அதற்குள் அவள் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம்தான் எனக்கு. கோபம் என்று நான் காட்டியதெல்லாம் அந்தப் பயம்தான்.

பிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஒரு காலையில் மகள் கிளாசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுக்காமல் நடந்தே கிளம்பினாள். கையில் ஒரு துணிப்பை. வண்டி இருக்க நடை எதற்கு? அவள் தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் இறங்கி மறைந்ததும் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பாதைக்கு வந்தேன். இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் விட்டால் சத்தமே வராது. பெற்றோல் மிச்சம் பிடிக்க எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலை, நான் என் பிள்ளையைத் துப்புப் பார்க்கச் செய்தேன். பிரேக்கைத் தொட்டுத் தொட்டுக் கோயில் வளைவு வரை வந்து, கருங்கல் சுவருக்குப் பின்னால் நின்றேன்.

மதகுக் கட்டில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெரிய கொண்டை. எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த, சின்ன ஹெல்மட் எதற்கும் அடங்காத கொண்டை. என் மகள் கீழே தரையில் குந்தி, அவளுடைய பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, புண்ணுக்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னுங் கொஞ்சம் நீட்டுங்கம்மா” என்றாள் மகள்.

என் கணவருடைய அக்கா. மேல் லயத்தில் தனியாக இருக்கிறவர், புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் குவைத்துக்குப் புறப்பட்ட அன்று வேன் நின்ற இடத்தில், அத்தனை பேர் முன்னால், “பெத்தவளுக்கே புள்ள பாரமாப் போச்சு” என்று சொன்ன மனுசி. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அந்த வீட்டில் யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினேன். அந்த வார்த்தையை அந்த மனுசி சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கும் அதுதான் என் கட்சி.

நீட்டுங்கம்மா. அந்த ‘ம்மா’ மரக்கறிக்காரிக்கும் சொல்கிற ‘ம்மா’தான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். காது நம்பவில்லை. ஒரு பையனாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அடித்திருப்பேன், அழுதிருப்பேன், கடைசியில் கல்யாணம் பேசி முடித்திருப்பேன். இதற்கு நான் என்ன செய்வது? வண்டியை ஸ்டார்ட் பண்ணி, அவர்களைத் திரும்பிப் பார்க்காமல், வளைவில் ஹோனும் அடிக்காமல் கடந்து போனேன்.

மகள் வீட்டுக்கு வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். அவள் தயங்கவே இல்லை.

“நீங்க போன அன்னைக்கே அத்தை வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அப்பாவுக்கு நைட் வேலைதானே. அன்னைலருந்து அங்கதான் படுத்தேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க அங்கருந்தே சண்டை புடிப்பீங்க. அப்பாதான் சொல்ல வேணாம்னாங்க. எல்லாரும்தான்.” அவளுக்குக் குரல் உடைந்தது. “அவங்களுக்குச் சீனி வருத்தம்மா, ரத்தத்துல சீனி கூடிப்போச்சு. கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது. மேல் லயத்துக்குப் போற பள்ளமும் மேடுமான பாதையில ஆட்டோ ஏறாது. கிளினிக்குக்கு நான்தான் ஏத்திக்கிட்டுப் போவேன், நோவுதோன்னு கண்ணாடியில மொகத்தப் பாத்துப் பாத்து மெதுவா ஓட்டுவேன். நீங்க வந்ததுலருந்து நடந்து போறாங்க. ஏத்தினா வீட்டுல சண்டை வரும்னு அவங்களே ஏற மாட்டேங்கிறாங்க.”

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

“ரெண்டு பேருல ஒருத்தரத்தான் வச்சுக்கணும்னா இப்பவே சொல்லிருங்கம்மா” என்றாள்.

சொல்லவில்லை. சொல்லப் பயமாக இருந்தது. யாரை வைத்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும்போல இருந்தது.

அடுத்த கிளினிக் நாளில் மரக்கறி வாங்கப் போகிறேன் என்று வண்டியை எடுத்தேன். என் கணவர் என்னைப் பார்த்தார், வீட்டில் நிறைந்திருந்த மரக்கறிக் கூடையைப் பார்த்தார், தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்டோரைத் தாண்டியதும் அந்த மனுசி தெரிந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, காலை இழுத்து இழுத்து நடை. நான் கடந்து போனேன். கொஞ்சத் தூரம் போய் நிறுத்தினேன். என்ஜினை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை.

அவர் வந்து பக்கத்தில் நின்றார். பேச்சு இல்லாதவர்கள் பேசுவதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. ஆளைப் பார்க்காமல் வேறு எதையாவது பார்த்துச் சொல்வது. அவர் மேலே பார்த்துச் சொன்னார், “மழை வேற வலுக்குது.”

நான் பெற்றோல் டாங்கியைப் பார்த்துச் சொன்னேன். “நனையணும்னு யாரும் நேர்த்தி வைக்கல.”

“ஏறுன்னும் யாரும் சொல்லல.”

“வண்டி நின்னா ஏறத்தான் நிக்கும்.”

அவர் பக்கக் கொக்கியில் நான் மாட்டிக்கொண்டு வந்திருந்த கறுப்பு ஹெல்மட்டை எடுத்து, அந்தக் கொண்டையை உள்ளே அமுக்கி மாட்டிக்கொண்டார். ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார். வண்டி இறங்கிக் கொடுத்தது. பழகிய உட்காரல், ஆட்டமே இல்லை. அதுவும் எனக்குக் கசந்தது.

கீழ் வளைவில் நான் பாட்டுக்குத் திரும்பினேன். “ஹோன் இருக்கிறதே தெரியாம ஓட்டுறவங்களும் இருக்காங்க” என்றார், தேயிலைச் செடிகளைப் பார்த்து. அடுத்த வளைவில் தேவைக்கு மேலேயே அடித்தேன்.

நோர்வூட் பாலம் போனது. அங்கே இறக்கிவிட்டிருக்கலாம், கிளினிக் இருக்கிற டிக்கோயாவுக்கு பஸ் நின்றது. நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று எனக்கே என் மேல் சந்தேகமாக இருந்தது. காசல்ரீ அணைத் தண்ணீர் இடப்பக்கம் தெரிய ஆரம்பித்தபோது அவர் மறுபடியும் பேசினார், அந்தத் தண்ணீரிடம்.

“அந்தப் புள்ள தூங்கையில காலத் தூக்கி மேல போட்டுக்கும். சின்னதுலருந்தே அப்படித்தான். தள்ளிவிட்டாலும் மறுபடி போடும்.” நிறுத்தினார். “இப்ப யாரு மேல போடுது?”

குத்திக்காட்டுகிறாரா? உரிமையைச் சொல்லிக் காட்டுகிறாரா? கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் மழைத் தண்ணீர்தான் இருந்தது, சூது ஒன்றையும் காணவில்லை. நான் வந்த நாளிலிருந்து மகள் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். சுவர்ப் பக்கம் திரும்பி, கையையும் காலையும் ஒடுக்கிக்கொண்டு, விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி படுக்கிறாள். அவள் என் பக்கம் புரள்வாளா என்று பார்த்துக்கொண்டே நான் கிடக்கிறேன். பாதையைப் பார்த்தோ டாங்கியைப் பார்த்தோ சொல்ல எனக்கு வரவில்லை.

“எம் மேல போடல அண்ணி” என்றேன். “செவுத்துப் பக்கமே திரும்பிப் படுத்துக்குது.”

அத்தனை வருசத்தில் நான் அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல். பின்னால் கம்பியைப் பிடித்திருந்த கை அசைந்தது தெரிந்தது. என் தோளுக்கு வரப்போகிறது என்று நினைத்தேன், வரவில்லை.

“ஒரு ரெண்டு மூணு மாசத்துக்கு அத எங்கிட்ட அனுப்பாத” என்றார், எனக்கே, என் முதுகுக்குப் பக்கத்தில். “அதுவா வந்தாலும் நான் கதவத் தொறக்க மாட்டேன். அழுதாலும் நீ விட்டுறாத. அப்பறம் ஒம்பக்கம் திரும்பும்.”

கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஹெல்மட்டின் மூடியைக் கீழே இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். அந்த மனுசியை எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டால் அந்தப் பேச்சுக்குச் சரி சொன்னதாகிவிடும் என்று என்னால் பிரேக்கைப் பிடிக்க முடியவில்லை, நேராகப் போய்க்கொண்டே இருந்தேன். அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.